ஏழுமலை அடிவாரத்தில் ஆறு வருஷம்!

ஒரு நாள் தரிசனத்துக்குப் பேர்போன ஊரில் ஆராய்ச்சி மாணவர்கள் வருஷக்கணக்கில் தங்குகிறார்கள். திருச்சானூரைச் சுற்றி நாற்பது கிலோமீட்டருக்குள் வானம், வயல், கல்வெட்டு, ஓலைச்சுவடி, மருத்துவமனை என்று எல்லாத் துறையிலும் ஆய்வு நடக்கிறது. பட்டம் ஒன்றுதான், படும் பாடு வேறு வேறு.

திருப்பதிக்கு வருகிறவர்கள் திரும்புவதற்கான டிக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். ராத்திரி தங்கல், விடியலில் மலை, மதியம் லட்டுப் பையோடு இறக்கம், திருச்சானூரில் பத்மாவதித் தாயாரைச் சேவித்துவிட்டு சாயங்காலம் ரயில். ஊரே இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. லாட்ஜ் வாடகை 24 மணி நேரத்துக்கு, ஆட்டோ சவாரிக்கு, சாப்பாடு வேளைக்கு.

இதே ஊரில் ஐந்து வருஷம், ஆறு வருஷம் என்று தங்கிவிடுகிற கூட்டம் ஒன்றும் உண்டு. கார்த்திகை பிரம்மோற்சவத்தின் கடைசி நாளில், பஞ்சமி தீர்த்தத்துக்காக லட்சக்கணக்கானோர் பத்மசரோவரம் திருக்குளத்தை நோக்கி வரும்போது, எதிர்த்திசையில் பைக்கைத் திருப்பிக்கொண்டு லேபுக்குப் போகிறவர்கள் அவர்கள்தான். முதுகில் லேப்டாப் பை, கழுத்தில் அடையாள அட்டை. 'ஸ்காலர்' என்று ஊரில் பெயர். வயது 25-லிருந்து 35 வரை இருக்கலாம். பெற்றோருக்கு இன்னும் 'படிக்கிற பிள்ளை'. வீட்டுக்காரருக்கு 'எப்போது வேலைக்குப் போகும் என்று தெரியாத ஆள்'.

உண்டியல் காசில் வளர்ந்த வளாகங்கள்

தென்னிந்தியாவில் இந்த அளவு ஊருக்கு இத்தனை உயர்கல்வி நிறுவனங்கள் இருப்பது அபூர்வம். காரணம் மலைமேல் இருக்கிறது. 1939-ல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஓலைச்சுவடிகளுக்கும் சாஸ்திர நூல்களுக்குமாக ஒரு கீழ்த்திசை ஆய்வகத்தைத் தொடங்கியது. ஆந்திர மாநிலம் பிறந்த மறுவருஷமே, 1954-ல், தேவஸ்தானம் கொடுத்த நிலத்தில் ஸ்ரீவேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் எழுந்தது. 1956-ல் அந்தக் கீழ்த்திசை ஆய்வகமும் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது.

அதன் பிறகு வரிசையாக வந்தன. கால்நடை மருத்துவக் கல்லூரி 1955, மருத்துவக் கல்லூரி 1960, வேளாண் கல்லூரி 1961. அறுபதுகளின் தொடக்கத்தில் உருவான சம்ஸ்கிருத வித்யாபீடம் 2020-ல் மத்தியப் பல்கலைக்கழகம் ஆனது. என்.டி.ராமராவ் முதல்வராக இருந்த 1983-ல் ஸ்ரீபத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம். 1993-ல் 'ஸ்விம்ஸ்' என்று ஊர் சுருக்கிக் கூப்பிடும் ஸ்ரீவேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகம். மாநிலப் பிரிவினைக்குப் பின், 2015-ல், ஒரே வருஷத்தில் ஐ.ஐ.டி.யும் ஐசரும் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) வந்து, ரேணிகுண்டாவைத் தாண்டி ஏர்ப்பேடு பக்கம் வளாகம் கட்டின. சித்தூர் சாலையில் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகம்.

வேலூர், திருத்தணிப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சென்னையைவிடத் திருப்பதி கிட்டம். நகரி, சத்தியவேடு, சித்தூர் என்று தமிழ் பேசும் ஊர்கள் ஆந்திரத்துக்குள்ளேயே இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறையும் உண்டு. ஆகவே ஹாஸ்டல் வராந்தாவில் 'அன்னா' என்று தெலுங்கில் தொடங்கும் பேச்சு, 'அது இல்லண்ணா' என்று தமிழில் முடிவது இங்கே சகஜம்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான விதி ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, பிஎச்.டி.யைக் குறைந்தது மூன்று ஆண்டு செய்ய வேண்டும். அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. ஆறு ஆண்டு என்கிற அந்த நாள்காட்டி எல்லாத் துறைக்கும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு துறையும் தன் கடிகாரப்படிதான் ஓடுகிறது. மாணவர்களின் தூக்கம், கடன், கல்யாணம், நரை எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சிக்குகிறது.

மேகம் விலகினால்தான் டேட்டா

காதங்கிக்குப் போனால் மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தில் கம்பிக்காடு ஒன்று தெரியும். 130 மீட்டர் நீளம், 130 மீட்டர் அகலம் உள்ள சதுரத்தில் வரிசைக்கு 32 வீதம் 1,024 ஆன்டெனாக்கள். 53 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் இந்த எம்.எஸ்.டி. ரேடார் தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து நம் தலைக்கு மேல் காற்று எப்படிப் புரள்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. ரேடார் வசதியாகத் தொடங்கிய இடம், 2005-ல் தேசிய வளிமண்டல ஆய்வகம் ஆனது.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு இங்கே பலூன் விடுவது 2006-லிருந்து வழக்கம். வாயு நிரப்பிய வெள்ளை பலூன். அதன் கீழே நூலில் கட்டிய சின்னப் பெட்டி. பெட்டிக்குள் வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் அளக்கும் உணரிகள், ஜி.பி.எஸ். கையை விட்டதும் பலூன் காற்றடிக்கிற பக்கம் சாய்ந்துகொண்டே ஏறும். உள்ளே கணினித் திரையில் கோடு வளரத் தொடங்கும். ஏறஏறக் காற்றழுத்தம் குறைந்து பலூன் உப்பிக்கொண்டே போய், முப்பது கிலோமீட்டர் உயரம் வாக்கில் வெடித்துவிடும். அதுவரை வந்த எண்கள்தான் அன்றைய வானம். ஒரு நாள் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பருவமழை மாறுகிறதா என்று கேட்க வேண்டுமானால் பத்து, பதினைந்து வருஷத்து எண்கள் வேண்டும். இன்றைக்கு ஒரு மாணவர் எழுதும் ஆய்வேட்டில், அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது வேறு யாரோ விட்ட பலூன்கள் இருக்கின்றன.

லிடார் கருவியை நம்பி ஆய்வு செய்பவரின் நிலை இன்னும் சிக்கல். பச்சை லேசர் ஒளியை மேலே அனுப்பி, அது சிதறித் திரும்புவதைப் பிடித்து உயரத்து வெப்பநிலையைக் கணக்கிடும் கருவி அது. இரவில்தான் இயங்கும், அதுவும் மேகமில்லாத இரவில். தென்மேற்குப் பருவமழை, அதன் பிறகு வடகிழக்கு என்று இரண்டு மழையும் தொடும் ஊரில் தெளிந்த இரவு எத்தனை கிடைக்கும்? ஊரே மழைக்கு வேண்டிக்கொள்ளும்போது மேகம் விலக வேண்டும் என்று நினைக்கிற ஒரே ஆள் அவர்தான். மழைக்காலம் அவருக்கு எழுதும் காலம். குளிர்காலம் கண்விழிக்கும் காலம். பொங்கலுக்கு வீட்டுக்குப் போவது வானத்தைப் பொறுத்தது.

நிலக்கடலைக்கு வருஷம் இரண்டு வாய்ப்பு

வேளாண் கல்லூரி மாணவருக்கு வானம் வேறு விதமாகக் கணக்குக் கேட்கிறது. சித்தூர் வட்டாரத்தின் மானாவாரிப் பயிர் நிலக்கடலை. ஜூன், ஜூலையில் விதைப்பு. மூன்றரை, நான்கு மாதத்தில் பிடுங்கல். கிணற்றுத் தண்ணீர் இருந்தால் மார்கழியை ஒட்டி இன்னொரு போகம். ஒரு பருவத்தில் வந்த விளைச்சலை வைத்து முடிவு சொன்னால் கைடு ஒத்துக்கொள்ள மாட்டார். குறைந்தது இரண்டு பருவமாவது காட்ட வேண்டும். ஒரு வருஷம் மழை பொய்த்தால் ஆய்வில் ஒரு வருஷம் போயிற்று.

வயலைப் பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொரு ரகத்தையும் மூன்று இடத்தில் போட்டிருப்பார்கள். அறுவடை நாளில் பார்க்க வேண்டும். பாத்திக்கு இத்தனை செடி என்று பிடுங்கி, மண் உதறி, அடையாளச் சீட்டுக் கட்டி, காய்களைக் கையால் எண்ண வேண்டும். முற்றியது தனி, பிஞ்சு தனி, சொத்தை தனி. வெயிலில் காயவைத்து, உடைத்து, நூறு பருப்பின் எடை, உடைப்பு விகிதம் என்று நோட்டில் ஏற வேண்டும். எறும்புக்கும் எலிக்கும் மயிலுக்கும் முன்னால் இதை முடித்தாக வேண்டும். ஆய்வேட்டில் இத்தனையும் ஒரு அட்டவணை. நான்கு மாத வெயில் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

இந்த வேலையின் பலன் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. எழுபதுகளின் நடுவில் காளஹஸ்திப் பக்கத்து நிலக்கடலையில் காய் சிறுத்து, தோலில் கரும்பழுப்புப் புள்ளி விழுந்து, விளைச்சல் சரிந்தது. மண்ணில் இருக்கும் ஒரு நூற்புழுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அந்த நோய்க்கு விஞ்ஞான இதழ்களிலேயே காளஹஸ்தியின் பெயர்தான். அதைத் தாங்கும் ரகம் ஒன்றைத் திருப்பதி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. அந்த ரகத்துக்கும் 'காளஹஸ்தி' என்றே பெயர் வைத்தார்கள்.

கால்நடைப் பக்கம் கடிகாரம் இன்னும் மெதுவாக ஓடுகிறது. சித்தூர் மாவட்டத்துப் புங்கனூர்ப் பசு உலகத்தின் மிகக் குள்ளமான மாட்டினங்களில் ஒன்று. உயரம் சுமார் மூன்றடிதான். அழிவின் விளிம்பிலிருந்த இனத்தைப் பலமநேர் ஆராய்ச்சி நிலையத்தில் காப்பாற்றி வளர்த்தார்கள். மாடு சினையானால் கன்று போட ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகும். அந்தக் கன்று வளர்ந்து, சினையாகி, அதுவும் கன்று போட்ட பிறகுதான் 'இரண்டு தலைமுறை' என்று எழுத முடியும். மாணவரின் ஆறு வருஷத்தில் மாட்டுக்கு எத்தனை தலைமுறை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சேஷாசலம் மலையின் செம்மரத்தை எடுத்துக்கொண்டால் இந்தக் கணக்கே நடக்காது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிக்கே உரிய மரம் அது. வைரம் பாய்ந்த சிவப்புக் கட்டை உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். தான் நட்ட கன்று மரமாவதை எந்த ஆய்வு மாணவரும் தன் பட்டத்துக்குள் பார்க்கப் போவதில்லை. அதனால் அவர்கள் முளைப்புத் திறனைப் படிக்கிறார்கள். கெட்டியான நெற்றுக்குள் இருக்கும் விதை ஏன் சரியாக முளைப்பதில்லை, எப்படி முளைக்க வைக்கலாம் என்று பார்க்கிறார்கள். ஆறு வருஷத்துக்குள் பதில் கிடைக்கும் கேள்வியைத் தேர்ந்தெடுப்பதே இந்தத் துறையில் முதல் பாடம்.

கல்லும் ஓலையும்

வரலாறும் இலக்கியமும் படிப்பவர்களுக்கு டேட்டா எங்கேயும் ஓடிவிடாது. ஆயிரம் வருஷமாக அங்கேயேதான் இருக்கிறது என்று நினைப்பதுண்டு. பாதி உண்மை. திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழ். சாது சுப்பிரமணிய சாஸ்திரி போன்றவர்கள் முப்பதுகளில் அவற்றைப் படித்துத் தொகுத்து, தேவஸ்தானமே தொகுதி தொகுதியாக அச்சிட்டது. அந்தத் தொகுப்பின் ஆகப் பழைய சாசனங்களில் ஒன்று திருச்சானூரைச் சேர்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டு, பல்லவ மன்னன் தந்திவர்மன் காலம். சோழ நாட்டிலிருந்து வந்த ஒருவர் இங்குள்ள இளங்கோயிலில் விளக்கு எரிக்க ஏற்பாடு செய்கிறார். பக்கத்து யோகிமல்லவரம் பராசரேஸ்வரர் கோயிலிலும் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு.

அச்சில் வந்ததை மட்டும் நம்ப முடியாதபோது கல்லைத் தேடிப் போக வேண்டும். முறையான அனுமதி வாங்குவதற்கே மாதக்கணக்கு ஆகலாம். அதன் பிறகு மைப்படி. கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாசியும் சுண்ணாம்பும் எடுத்து, நனைத்த கெட்டித் தாளை ஒட்டி, தூரிகைக் கட்டையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். முக்கால் ஈரம் காய்ந்த பதத்தில் மை ஒற்ற வேண்டும். ஈரம் கூடினால் மை பரவும். குறைந்தால் தாள் கழன்று வரும். பதம் தப்பாமல் வந்தால் கறுப்பில் வெள்ளை எழுத்து பளிச்சென்று நிற்கும். அதைப் படிக்கவோ இன்னும் ஒரு வாரம். உடைந்த ஒரு எழுத்து 'கா'வா 'தா'வா என்பதில் ஒரு அத்தியாயமே தங்கிவிடும்.

கீழ்த்திசை ஆய்வகத்து ஓலைச்சுவடிகளோடு மல்லுக்கட்டுபவருக்கு முதல் வருஷம் எழுத்தைப் பழகவே சரியாகப் போகும். கிரந்தம், பழைய தெலுங்கு, புள்ளியில்லாத தமிழ். சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகத்தில் நியாயமோ வியாகரணமோ படிக்கிறவருக்கு இன்னொரு பரீட்சை காத்திருக்கிறது: சதஸ். பண்டிதர்கள் நிறைந்த சபையில் ஒரு கருத்தை எடுத்துவைத்து, எழும் ஆட்சேபங்களுக்கெல்லாம் அங்கேயே, அந்த நிமிஷமே பதில் சொல்ல வேண்டும். பவர்பாயின்ட் கிடையாது. 'அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன்' என்று தப்பிக்கவும் முடியாது. விஞ்ஞான மாணவர்கள் செமஸ்டருக்கு ஒருமுறை ஆலோசனைக் குழுவின் முன் நடுங்குகிறார்கள். இவர்கள் இளமையிலிருந்தே நடுங்கிப் பழகிவிட்டவர்கள்.

தூக்கமில்லாத ஆராய்ச்சி

ஸ்விம்ஸிலும் மருத்துவக் கல்லூரியிலும் எம்.டி., டி.எம். படிப்பவர்களை ஆய்வு மாணவர் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் எம்.டி.க்கும் ஆய்வேடு கட்டாயம். நோயாளி வரும்போதுதான் தரவு வரும். அந்த நோயாளியைப் பார்க்கிற வேலையும் அவருடையதுதான். பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி நேர வேலை என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-லேயே சொல்லிவிட்டது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு, 74 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 32 வருஷத்தில் 'அதிகபட்சம்' 26 மணி நேரம் ஏறியிருக்கிறது என்பதிலிருந்தே வார்டில் நடப்பது என்ன என்று புரிந்துகொள்ளலாம்.

ஏர்ப்பேடு பக்கம் இன்னொரு கதை. ஐசரின் பறவைச் சூழலியல் ஆய்வகம் படிப்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காட்டுப் பறவைகளை. முகவரி திருப்பதி, குடியிருப்பு பாதி வருஷம் கொடைக்கானல், ஊட்டி. ஐ.ஐ.டி.யில் கணினி ஆய்வு செய்பவருக்கு மழையும் இல்லை, மாடும் இல்லை. அவரை விரட்டுவது வேகம். இவர் ஆறு மாதமாகப் பயிற்றுவித்த மாதிரியைவிட மேலான ஒன்று, கட்டுரை அனுப்புவதற்கு முந்தின வாரம் உலகத்தின் எங்கோ ஒரு மூலையிலிருந்து வெளிவந்துவிடும். நிலக்கடலை மாணவருக்குக் காலம் போதவில்லை. இவருக்குக் காலம் ஓடிப்போய்விடுகிறது.

ஒரே பேருந்து, ஐந்து சம்பளம்

துறை வித்தியாசத்தைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அதை ஸ்காலர்கள் டீக்கடையில் மட்டும்தான் பேசுவார்கள்: மாத வருமானம்.

மானியக் குழுவின் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற உதவித்தொகை கிடைத்தவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருஷம் கழித்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை பெறும் ஐ.ஐ.டி., ஐசர் மாணவருக்குத் தொடக்கமே 70,000. நெட் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு 8,000. அந்தத் தொகை 2012-லிருந்து அசையவில்லை. மாநிலப் பல்கலைக்கழகத்தில் நெட்டும் புராஜெக்டும் இல்லாமல் சேர்ந்தவருக்குப் பல நேரம் பூஜ்யம். பரீட்சைக் கட்டணத்தையும் அவரே கட்டுகிறார். ரேணிகுண்டா சாலையில் ஒரே பேருந்தில் இந்த ஐந்து பேரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்க முடியும். ஐந்து பேருக்கும் கடைசியில் பெயருக்கு முன்னால் வரப்போவது அதே 'டாக்டர்'.

பூஜ்யத்தில் இருப்பவர் என்ன செய்வார்? காலையில் ஜூனியர் கல்லூரியில் பாடம், சாயங்காலம் டியூஷன், நடுவில் ஆராய்ச்சி. ஞாயிற்றுக்கிழமை நெட்டுக்குத் தயாரிப்பு. அந்த நெட்டும் கைகொடுத்ததா? 2024 ஜூன் 18-ல் நாடு முழுக்க எழுதிய தேர்வை மறுநாளே ரத்து செய்தார்கள். மறுதேர்வுக்கு ஆகஸ்ட் கடைசிவரை காத்திருந்தார்கள். 30 வயது வரம்பை நெருங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த இரண்டு மாதம் சின்ன விஷயமில்லை.

பணமே பாடத்தைத் தீர்மானிப்பதும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. திருத்தணியில் பிறந்து, திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளியில் 1896 முதல் 1900 வரை படித்த பையன் ஒருவன், பின்னாளில் கல்லூரியில் தத்துவம் எடுத்ததற்குக் காரணம் தத்துவ தாகம் இல்லை. உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்தன. வேறு புத்தகம் வாங்க வசதியில்லை. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் எம்.ஏ.வுக்காக அவர் எழுதிய வேதாந்த அறவியல் ஆய்வேடு 1908-ல் புத்தகமாகவே வந்தது. அப்போது அவருக்கு வயது 20. அவர்தான் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1962 ஜனவரியில், குடியரசுத் துணைத் தலைவராக அதே திருப்பதிக்கு வந்து சம்ஸ்கிருத வித்யாபீடத்துக்கு அடிக்கல் நாட்டினார்.

முடிக்காதவர்களும் இருக்கிறார்கள். ஸ்ரீவேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பொருளாதாரம் முடித்த ஒரு மாணவர், விவசாயிகள் தலைவர் என்.ஜி.ரங்காவின் பொருளாதாரச் சிந்தனைகள் பற்றிப் பிஎச்.டி. தொடங்கினார். ஆய்வு பாதியில் நின்றது. 1978-ல் பக்கத்துச் சந்திரகிரித் தொகுதியில் எம்.எல்.ஏ. ஆகிவிட்டார். நாரா சந்திரபாபு நாயுடுவுக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் பாதியில் விட்டவர்கள் எல்லோருக்கும் சந்திரகிரி காத்திருப்பதில்லை. அப்படி விட்டவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பட்டமளிப்பு விழா மேடையிலும் சொல்வதில்லை.

வைவா முதலா, வரன் முதலா?

மகளிர் பல்கலைக்கழகத்து ஸ்காலர்களுக்கு இன்னொரு நாள்காட்டியும் தொங்குகிறது. ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு போனிலும் இரண்டு கேள்வி: 'எப்போ முடியும்?', 'அந்த வரனுக்கு என்ன பதில் சொல்றது?' சினாப்சிஸ் கொடுத்த பிறகு பார்க்கலாம் என்று ஒருமுறை, தீசிஸ் கொடுத்த பிறகு என்று இன்னொருமுறை, வைவா முடியட்டும் என்று மூன்றாம் முறை. தீசிஸ் கொடுத்துவிட்டாலும் வெளித் தேர்வாளர்கள் அறிக்கை அனுப்ப மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியை ஊரில் யாருக்கும் விளக்க முடியாது. 'எழுதித்தான் கொடுத்துட்டியே, அப்புறம் என்ன?'

ஒழுங்குமுறையில் சலுகை இருக்கிறது. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கூடுதலாக இரண்டு ஆண்டு. ஆகமொத்தம் பத்து ஆண்டு வரை போகலாம். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கு 240 நாள் விடுப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நேரம் நீள்கிறதே தவிர, நெட் உதவித்தொகையின் மொத்தக் காலம் ஐந்து ஆண்டுதான். விதி பத்து வருஷம் வரை காத்திருக்கும். வீட்டுக்காரர் ஒன்றாம் தேதிக்கு மேல் காத்திருக்க மாட்டார்.

சேரும் முன் கேளுங்கள்

வீட்டில் பிஎச்.டி.க்குப் பிள்ளை தயாராகிறது என்றால், எந்தப் பல்கலைக்கழகம், ரேங்க் என்ன என்பதோடு நிற்காதீர்கள். நாலு கேள்வி முக்கியம். முதல் கேள்வி கைடைப் பற்றி: அவரிடம் சேர்ந்தவர்கள் சராசரியாக எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? முடித்தவர்களின் ஆய்வேடுகள் 'சோத்கங்கா' தளத்தில் இருக்கும், தேதியோடு பார்த்துவிடலாம். பேராசிரியர் எட்டுப் பேர் வரை, இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு என்றுதான் மாணவர்களை வைத்துக்கொள்ள முடியும். எத்தனையாவது ஆளாகச் சேர்கிறோம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது, மாதப் பணம் எங்கிருந்து வரும், எத்தனை வருஷத்துக்கு? மூன்றாவது, இந்தக் கேள்விக்குத் தரவு எப்போது கிடைக்கும்: மழை வேண்டுமா, அனுமதி வேண்டுமா, நோயாளி வேண்டுமா? நான்காவது, அது கிடைக்காமல் போனால் மாற்றுத் திட்டம் என்ன? இந்த நாலுக்கும் தெளிவாகப் பதில் சொல்லும் கைடு கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பதில் சொல்லத் தயங்காத சீனியர் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஹாஸ்டலில் அரை மணி நேரம் பேசினால் எந்தத் தகவல் கையேட்டிலும் இல்லாதது தெரிந்துவிடும்.

மாணவர்கள் கேட்க வேண்டியது இது. அரசு செய்ய வேண்டியது ஒன்றுதான் பாக்கி. ஆராய்ச்சியை ஆறு வருஷத்தில் முடி என்று விதி எழுதும் மானியக் குழு, உதவித்தொகையை மட்டும் ஐந்து வருஷத்தோடு நிறுத்துகிறது. ஆறாவது வருஷம்தான் தீசிஸ் எழுதும் வருஷம். கட்டுரைகள் திருத்தி அனுப்பும் வருஷம். மேகம், மாடு, மழை எல்லாம் தின்றுபோன நாட்களைச் சரிக்கட்டும் வருஷம். அந்த வருஷத்தில்தான் கையில் காசில்லை. வயலில் இரண்டு போகம் வேண்டும் என்பதையும், லிடாருக்குத் தெளிந்த இரவு வேண்டும் என்பதையும் யாராலும் மாற்ற முடியாது. ஐந்தை ஆறாக்குவதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.